பிழைக்கு என்ன விலை?

துணிக்கடையில் தையல் கோணிப்போன அபாயா வாசலில் உள்ள குவியலுக்குப் போய்விடும். பாதி விலைக்கும் யோசித்துத்தான் எடுப்பார்கள். கருகிய பாணுக்குப் பேக்கரிக்காரர் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால் நாம் சும்மா வருவோமா? பிழை என்றால் விலை இறங்கும் என்பதுதான் கடைத்தெருவின் சட்டம். நாணயத்திலும் தபால் முத்திரையிலும் மட்டும் இது தலைகீழாக நடக்கிறது. அச்சு நேராக விழுந்த ஐந்து ரூபாய்க் குற்றியை பஸ் நடத்துநர்கூட முகம் சுளித்துத்தான் வாங்குகிறார். அச்சு விலகிய ஐந்து ரூபாய்க்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது.

தரம் ஏழிலிருந்து நான் சேர்ப்பது இந்தப் பிழை நாணயங்களைத்தான். கட்டுகஸ்தோட்டையில் உள்ள வாப்பாவின் கடை லாச்சிதான் என் சுரங்கம். ஐந்து வருடத்தில் 31 சேர்ந்திருக்கின்றன. பார்க்க வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இது எவ்வளவுக்குப் போகும்?" எப்படி இந்தப் பிழை வந்தது என்று இதுவரை இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதலாவதற்கு விடை சொல்ல முடியாது.

நாணயம் பிறக்கும் விதம் இதுதான். நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுப்பார்கள். அவற்றின் ஓரத்தைச் சற்று மேடாக்கி, சூடாக்கி மிருதுவாக்கி, மேலே ஓர் அச்சும் கீழே ஓர் அச்சுமாக வைத்து அழுத்துவார்கள். வில்லை பக்கவாட்டில் பிதுங்காமலிருக்கச் சுற்றிலும் ஒரு வளையம் இருக்கும். இதில் எந்தப் படியிலும் பிழை நேரலாம். தகடு போதிய தூரம் நகராவிட்டால் முன்பே வெட்டிய துளையின் மேல் மறுபடி வெட்டு விழுந்து, பிறை போல் ஓரம் கடிபட்ட வில்லை கிடைக்கும். வில்லை சரியாக உட்காராவிட்டால் உருவம் ஒரு பக்கமாக விலகும். அச்சு வெடித்தால் அந்த வெடிப்பு நாணயத்தில் மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். ஓர் அச்சு திரும்பிக்கொண்டால் முன்புறம் நேராகவும் பின்புறம் சாய்வாகவும் இருக்கும். 1998 இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வந்த இரு உலோகப் பத்து ரூபாய் போன்றவற்றில் நடு வட்டம் வளையத்துக்குள் சரியாகப் பொருந்தாமலும் போகலாம்.

நம் நாட்டில் நாணயச்சாலை இல்லை. நமது குற்றிகள் பிரித்தானிய அரச நாணயச்சாலை போன்ற வெளிநாட்டு ஆலைகளில் அச்சாகி, எண்ணிக் கட்டி, கப்பலேறி வருகின்றன. அங்கே கழிக்கும் கண்களையும் இயந்திரங்களையும் தப்பித்தவைதான் நம் கைக்கு வருகின்றன. எனவே இலங்கை நாணயத்தில் பெரிய பிழை அரிது. அரிது என்பதால் விலை உயர்வு என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்; அதற்குப் பின்னர் வருகிறேன்.

என்னிடம் கொண்டுவரப்படுவதில் பெரும்பகுதி பிழையே அல்ல. 2013 இல் மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக வெளியிட்ட பத்து ரூபாயைப் "படம் மாறி அச்சாகிவிட்டது" என்று கொண்டுவந்தவர்கள் உண்டு. ஓரம் வளைந்து வளைந்து இருக்கும் பழைய இரண்டு சதத்தையும், சதுரமான ஐந்து சதத்தையும் பிழை என்று நினைத்தவர்களும் உண்டு. அவை அப்படித்தான் செய்யப்பட்டன. இன்னொரு கூட்டம், நாணயச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு காயப்பட்டவை: சுத்தியல் பட்டவை, அடுப்பில் விழுந்தவை, அமிலத்தில் ஊறியவை. 2005 இலிருந்து சில வருடங்கள் வந்த ஐந்து ரூபாய் பித்தளைப் பூச்சுள்ள உருக்கு. பூச்சை அமிலத்தால் கழற்றிவிட்டு "வெள்ளை ஐந்து ரூபாய், அபூர்வப் பிழை" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பூச்சு இல்லாமலே அச்சானது என்றால் எழுத்துகளின் விளிம்பு கூராக இருக்கும். அமிலம் தின்றதில் அது மழுங்கிச் சொரசொரப்பாக இருக்கும். ஒரு சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி போதும்.

கடிபட்ட வில்லைக்கு இன்னும் அழகான சோதனை உண்டு. வெட்டு விழுந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தை மேடாக்கும் இயந்திரம் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அழுத்தித்தான் வேலை செய்கிறது. ஒரு பக்கம் உலோகம் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறைந்து, அந்த ஓரம் மங்கலாக இருக்கும். வெட்டுக்கு அருகே உள்ள எழுத்துகளும் உலோகம் அந்த வெறுமையை நோக்கி ஓடியதால் சற்று இழுபட்டுத் தெரியும். வீட்டில் அரத்தால் ராவியவருக்கு இந்த இரண்டையும் செய்ய முடியாது. அவர் வெட்டிய இடத்தில் எழுத்து பாதியில் துண்டாகி நிற்கும்.

விலை பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊரின் பழைய காசு நினைவுக்கு வரும். 1660 இல் பிடிபட்டு, 1679 இல் தப்பிச் செல்லும்வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபட் நொக்ஸ், 1681 இல் லண்டனில் வெளியிட்ட நூலில் இங்கே தூண்டில் முள் வடிவத்தில் வெள்ளிக் காசு புழங்கியதை எழுதியிருக்கிறார். அரசனின் அனுமதியோடு அதை யாரும் செய்யலாமாம். விரும்பிய அடையாளத்தை அதில் பதிக்கலாமாம். வெள்ளியின் தரத்தில் சந்தேகம் வந்தால் காசை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெண்மையாக வந்தால்தான் செல்லும். இந்தக் காசின் மூதாதை பாரசீகத்தின் லார் நகரப் பெயரைத் தாங்கிய 'லாரின்'. அரபிக் கடல் வாணிபத்தோடு கரையேறியது. அசல் லாரின்களில் அரபு எழுத்துகள் இருக்கும். இங்கே செய்தவர்கள் அந்த எழுத்துகளை வாசிக்கத் தெரியாமல் பார்த்துப் பார்த்துப் பதித்ததால், நம் நாட்டு லாரின்கள் பலவற்றில் இருப்பது எழுத்துப் போன்ற கோடுகள்தான். ஓதத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்தால் சிரித்துவிடும். ஆனால் அன்றைய கண்டி வியாபாரி அதைப் பிழை என்று தள்ளவுமில்லை, அபூர்வம் என்று கூட்டிக் கொடுக்கவுமில்லை. அவருக்கு வேண்டியது வெள்ளி. நெருப்பு விலை சொல்லிவிட்டது.

இன்றைய ஐந்து ரூபாயை நெருப்பில் போட்டு என்ன தெரியப்போகிறது? உலோகம் விலை சொல்லாத காலத்தில், எத்தனை இருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற இரண்டும்தான் விலை சொல்கின்றன. உயர்தர வகுப்பில் பொருளியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் கரும்பலகையில் இரண்டு கோடுகளும் ஒழுங்காக வெட்டிக்கொள்கின்றன. கையில் நாணயத்தை வைத்துக்கொண்டு பார்த்தால் அவை எங்கே இருக்கின்றன என்றே தெரிவதில்லை.

2008 இல் பிரித்தானியாவில் 20 பென்ஸ் நாணயத்துக்குப் புதிய வடிவம் வந்தது. ஆண்டு முன்பு பின்புறத்தில் இருந்தது. புதியதில் அரசியின் பக்கத்துக்கு மாற்றினார்கள். ஒரு தொகுதியில் பழைய முன்புற அச்சையும் புதிய பின்புற அச்சையும் ஜோடி சேர்த்துவிட்டதால் இரண்டு பக்கத்திலும் ஆண்டு இல்லாத நாணயம் வெளியே போய்விட்டது. உலகத்தின் மிகப் பேர்பெற்ற நாணயச்சாலைக்கு இப்படியொரு சறுக்கல்! செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கான பவுண் கேட்டு ஏலத்தில் போட்டார்கள். ஆனால் வெளியே போனது இரண்டரை இலட்சம் வரை இருக்கலாம் என்று தெரிந்ததும் ஆரவாரம் அடங்கியது. விலை ஐம்பது பவுண் அளவில் வந்து நின்றது. அமெரிக்காவின் 1955 ஆம் ஆண்டு ஒரு சதத்தில் எழுத்துகளும் ஆண்டும் இரட்டையாக விழுந்தன. புழக்கத்துக்குப் போனது இருபதாயிரத்தைச் சற்றுத் தாண்டிய தொகைதான். பாவித்துத் தேய்ந்த ஒன்றுகூட இன்று ஆயிரம் டொலரைத் தொடுகிறது. குறைந்த எண்ணிக்கை ஒரு காரணம். அந்த நாட்டில் சதம் சேர்ப்பவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பது அதைவிடப் பெரிய காரணம்.

நம் சமூகத்தோடு தொடர்புள்ள ஒரு பிழையும் உண்டு. 1911 ஆம் ஆண்டின் இந்திய ரூபாயில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் அங்கியில் ஒரு சிறிய யானை. தும்பிக்கை குட்டையாகச் செதுக்கப்பட்டதால் அது பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் நொந்தார்கள். சுமார் 94 இலட்சம் அச்சாகி, 7 இலட்சம் அளவு வெளியே போயிருந்த நிலையில் வெளியீட்டை நிறுத்தி, மிச்சத்தை உருக்கி, 1912 இல் யானையைத் திருத்திச் செதுக்கினார்கள். கதை பெரிது, ஆனால் ஏழு இலட்சம் என்பது சிறிய தொகையல்ல. தவிர, இது செதுக்கியவரின் பிழை. எல்லா நாணயத்திலும் ஒரே மாதிரி இருக்கும். நாங்கள் பிழை நாணயம் என்று சொல்வது, சரியான வரைபடத்திலிருந்து தவறிப் பிறந்த ஒற்றை நாணயத்தை.

இனி கீழ் வீட்டு மாமியின் பேணிக்கு வருகிறேன்.

மாமியின் மாப்பிள்ளை மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. ஒரு கடையில் முப்பது வருடம் காசாளராக இருந்தவர். கையில் வித்தியாசமாகப் பட்ட குற்றியையெல்லாம் தன் சொந்தக் காசை வைத்துவிட்டு எடுத்து, பழைய பஸ் டிக்கட்டில் சுற்றித் தேதி எழுதி, ஒரு மாப் பேணியில் போட்டு வைத்திருந்தார். போன வருடம் மழை தொடங்குமுன் மாமி அந்தப் பேணியோடு எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். கூரைத் தகடு மாற்ற வேண்டியிருந்தது.

"மகள், இதுல ஏதும் ஈக்கா எண்டு பாத்துச் செல்லுங்க. பழைய சாமான் எடுக்க வார ஆள் முழுப் பேணிக்கும் ரெண்டாயிரம் தாரேன் எண்டார். பேரன் போன்ல பாத்துட்டு லட்சக்கணக்குல போகும் எண்டு செல்றான்."

பேரன் பார்த்தது எந்த மாதிரிக் காணொளி என்று எனக்குத் தெரியும். பழைய ஐந்து ரூபாய் இருந்தால் கோடீஸ்வரர் ஆகலாம் என்பவை. விலை கேட்டுப் போனால் முதலில் 'பதிவுக் கட்டணம்' கட்டச் சொல்வார்கள். இந்தியாவில் இது எவ்வளவு முற்றியதென்றால், தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயம் வாங்குவதாக நடக்கும் மோசடியில் சிக்க வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விடவேண்டி வந்தது. பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது. எங்கள் தெருவில் பிள்ளைகள்தான் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேணியில் 84 குற்றிகள். இரண்டு மாலை நேரம் எடுத்துப் பிரித்தோம். பாதிக்கு மேல் வெளியே அடிபட்டவை. பதினொன்று ரயில் சக்கரத்தில் தட்டையானவை. மாத்தளை ரயில் பாதையோரப் பிள்ளைகளின் கைவேலை. உண்மையான பிழை மூன்றில்தான் இருந்தது. ஒன்று அச்சு வெடித்த இரண்டு ரூபாய். அது சாதாரணமாகக் கிடைப்பது. ஒன்று பின்புறம் கால்வட்டம் திரும்பிய 25 சதம். மூன்றாவதைப் பிரித்தபோது என் கை சற்று நின்றது. 1986 ஆம் ஆண்டின் ஐந்து ரூபாய், நிக்கல் பித்தளை, ஓரத்தில் பிறைபோல் ஒரு கடி. எதிர் ஓரம் மங்கல். எழுத்துகள் வெட்டை நோக்கி இழுபட்டிருந்தன. வாப்பாவுக்குத் தெரிந்த நகைக்கடையில் நிறுத்துப் பார்த்தோம். பிழையில்லாத அதே ஆண்டுக் குற்றி 9.5 கிராம், இது 8.8. காந்தம் ஒட்டவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாத அசல். எனக்கு அது வேண்டும் என்ற ஆசை அந்த நிமிடமே வந்துவிட்டது. பெருநாள் காசு கையில் இருந்தது.

இங்கேதான் சிக்கல். மாமி என்னிடம் கேட்டது விலை. நானோ வாங்கப் போகிறவள். ஐந்நூறு என்று நான் சொல்லியிருந்தால் மாமி சந்தோஷமாகத் தந்திருப்பார், துஆவும் செய்திருப்பார். அதில் பொய்யும் இருந்திருக்காது. அவர் சம்மதித்த விலைதானே? ஆனால் சந்தைக்குச் சரக்கோடு வருகிறவர்களை வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று ஹதீஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும் அதில் வருகிறது. பாலைவனத்து ஒட்டகக் கூட்டத்துக்குச் சொன்ன சட்டம் என்று நினைத்துத்தான் பரீட்சைக்குப் பாடமாக்கினேன். மாமி படியேறி வந்தது சந்தைக்கு வரும் வழிதான் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட ஹதீஸும் எல்லோருக்கும் தெரிந்தது: மழை பட்ட தானியத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். அது விற்பவருக்குச் சொன்னது. வாங்குகிறவள் தன் மனதில் மூடி வைத்திருக்கும் விலையும் அப்படி மேலே வர வேண்டியதுதானே என்று எனக்குப் பட்டது.

ஆகவே கணக்கைத் திறந்தே வைத்தேன். இப்படிக் கடிபட்ட வெளிநாட்டுக் குற்றிகள் உண்மையில் விற்ற விலைகளை எடுத்தேன். கேட்ட விலைகளை அல்ல. கேட்கும் விலைக்கு எல்லை இல்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலத்தில் விலையேற்றுகிறவர்களும் உண்டு. மார்க்கம் தடுத்த அந்தத் தந்திரத்தின் பெயர் 'நஜ்ஷ்'. பிறகு, கடி பெரிதா என்று பார்க்க வேண்டும், இது நடுத்தரம். குற்றி தேய்ந்திருக்கிறதா? சற்று. அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று பெறலாமா? அதற்காகும் செலவு குற்றியின் விலையை விழுங்கிவிடும். கடைசியாக, இலங்கைப் பிழை நாணயத்தை எத்தனை பேர் தேடுகிறார்கள்? இங்கேதான் மனம் கனத்தது. அந்த இரண்டரை இலட்சம் 20 பென்ஸைவிட மாமியின் குற்றி எத்தனையோ மடங்கு அரிது. ஆனாலும் அதைத் தேடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அரிதாக இருந்தும் மலிவாக இருப்பதுதான் நம் நாட்டுப் பிழை நாணயத்தின் நிலை.

"மாமி, இது ரெண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவில நிக்கும். எனக்கும் இது வேணும். அதனால என்ட விலையை மட்டும் நம்பாதீங்க. இன்னொருத்தரிட்டயும் கேப்போம்."

மாமி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "லட்சம் இல்லயா?" என்றார். இல்லை என்றேன். பேரன் என்னை நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கொழும்பில் நீண்ட காலம் சேர்க்கும் ஒருவருக்கு வாப்பா மூலம் இரண்டு பக்கத்துப் படமும் ஓரத்தின் படமும் எடையும் அனுப்பினோம். அவர் 3,800 என்றார். நான் கொடுக்கக்கூடியது 3,000. குற்றி கொழும்புக்குப் போனது. 25 சதத்தை, திருப்பிக் காட்டி, இது இவ்வளவுதான் என்று விளக்கி, 400 ரூபாய்க்கு நான் வாங்கினேன். அது என் 31 இல் கடைசியாகச் சேர்ந்தது. பழைய சாமான்காரர் சொன்ன இரண்டாயிரம் மோசமான விலையல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அவர் 84 ஐயும் பார்க்காமல் வாங்க இருந்தார், நஷ்டத்துக்கும் சேர்த்துத்தான் அந்த விலை. ஆனால் அவர் வருவதற்குள் பேணி கைமாறவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

4,200 ரூபாய்க்குக் கூரை முழுவதும் மாறிவிடாது. தகட்டுக்குப் பிடிமானமாக முகட்டு ஓடும் ஆணியும் வாங்க உதவியது. மிச்சத்தை மகன் அனுப்பினார்.

ரயில் தட்டையாக்கிய பதினொன்றையும் வைத்துக்கொண்டு மாமி கேட்டார், "இதுகளுக்கு?"

"விலை இல்ல மாமி."

அவர் ஒவ்வொன்றையும் அதனதன் டிக்கட்டில் திரும்பச் சுற்றினார். ஒரு டிக்கட்டில் இருந்த எழுத்து மங்கிவிட்டது. தேதியை நான் வாசித்துச் சொன்னேன். அது அவர்களுடைய மூத்த மகள் பிறந்த வாரமாம்.